பன்னிரண்டு காலடி, அறுபத்தாறு காலடி

கிறிஸ்தவ வரலாற்றுக் கதை எழுத வருகிறவர்கள் இரண்டு சிறுமிகளின் நட்பைத் தேர்ந்தெடுத்தால் கதை பெரும்பாலும் ஒரே பாதையில்தான் போகும். ஒருத்தி நல்லவள், மற்றவள் பொறாமைக்காரி. சண்டை, பிரிவு, ஒரு காய்ச்சல், ஒரு ஜெபம், கண்ணீரோடு மன்னிப்பு. காலத்துக்கு அடையாளமாக ஒரு மாட்டுவண்டியும் எண்ணெய் விளக்கும் இருக்கும். இரண்டையும் எடுத்துவிட்டால் அது போன வருடம் நடந்த கதை.

நட்பைக் கடினமாக்குவது அந்தச் சிறுமிகளின் குணமாக இருக்கக் கூடாது, அவர்கள் வாழ்ந்த ஊரின் சட்டமாக இருக்க வேண்டும். குணம் கெட்டவள் ஒருத்தியும் இல்லாமலே நட்பு முறிய வேண்டும். அப்படி ஒரு கதைக்குத் தோதான இடமும் காலமும் நம் பக்கத்திலேயே கிடக்கின்றன: தென் திருவிதாங்கூர், நாகர்கோவில், லண்டன் மிஷன் பெண்கள் விடுதிப் பள்ளி, 1858 ஆவணியிலிருந்து 1859 ஆடி வரை. கொல்லம் ஆண்டில் அது சரியாக 1034. ஒரே ஆண்டு என்பதால் கதைக்குச் சட்டகம் தானாகவே அமைகிறது.

பதினைந்து வயதுள்ள இருவர். ஒருத்தி பனையேறியின் மகள், நாடார் குடும்பம், தாத்தா காலத்திலேயே சபையில் சேர்ந்தவர்கள். மற்றவள் புலையர் குடும்பத்தில் பிறந்தவள். திருவிதாங்கூரில் அடிமைமுறை முழுதாக ஒழிந்தது 1855 ஜூனில். ஆகவே அவள் பன்னிரண்டு வயதுவரை சட்டப்படி இன்னொருவரின் சொத்து. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால், கிழக்கிந்தியக் கும்பினி ஆண்ட திருநெல்வேலிச் சீமையில், 1843-லேயே அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. கணவாய்க்கு இந்தப் பக்கம் ராஜாவின் ஆட்சி, அந்தச் சட்டம் செல்லாது. அரை நாள் நடையில் சட்டம் மாறும் நிலம் இது. எழுதுகிறவர் அந்த வரைபடத்தைக் கண்ணெதிரே வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் காட்சியை வகுப்பறையில் வைக்காதீர்கள், சாலையில் வையுங்கள். அன்றைய தீண்டாமைக்கு அளவுகள் இருந்தன. நம்பூதிரியிடமிருந்து நாடார் 36 காலடி விலக வேண்டும், புலையர் 96 காலடி. நாயரிடமிருந்து நாடார் 12, புலையர் 66. இவை ஏட்டில் எழுதிய கணக்குகள். ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் கண்டிப்பு கூடும், குறையும். ஆனால் கதைக்குத் தேவையானது அந்த வித்தியாசம்தான். இரண்டு பேரும் கோட்டாறு சந்தைக்கு ஒன்றாக நடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே நாயர் ஒருவர் வருகிறார். ஒருத்தி பன்னிரண்டு காலடி ஒதுங்கினால் போதும். மற்றவள் வரப்பைத் தாண்டி வயலுக்குள் இறங்க வேண்டும். அவர் கடந்துபோனபின் முதலாமவள் சாலையில் நின்று காத்திருக்கிறாளா, நடையைத் தொடர்கிறாளா? பக்கம் பக்கமாக உரையாடல் எழுதினாலும் இந்த ஒரு கேள்வி செய்யும் வேலையைச் செய்யாது. காத்திருந்தாலும் சிக்கல்தான். சேற்றுக் காலோடு ஏறி வருகிறவளை அவள் எந்த முகத்தோடு பார்ப்பாள்?

அடுத்தது மொழி. அடிமைச் சாதியார் மேலோர் முன்னால் 'நான்' என்று சொல்ல முடியாது, 'அடியேன்' என்றுதான் சொல்ல வேண்டும். தங்கள் சோற்றைச் சோறு என்று சொல்லக் கூடாது, அழுக்குக் கஞ்சி என்ற பொருளில் 'கரிக்காடி' என்று சொல்ல வேண்டும். தன் கண்ணைக் குறிக்கும்போதுகூடப் 'பழங்கண்' என்று தாழ்த்திச் சொல்லும் வழக்கத்தைச் சாமுவேல் மட்டீர் போன்ற மிஷனரிகள் குறித்து வைத்திருக்கிறார்கள். அப்படி வளர்ந்த ஒருத்தி பள்ளிக்கு வந்து எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள். வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்தில் 'நான்' என்ற சொல் வருகிறது. உரக்க வாசிக்கச் சொல்கிறார்கள். நாவலின் மிகப் பெரிய ஆன்மிகத் தருணம் அதுவாக இருக்கலாம், தரிசனமோ கனவோ தேவைப்படாது.

விளிச்சொல்லையும் அப்படியே பயன்படுத்தலாம். நாகர்கோவில் பக்கத்தில் சம வயதுப் பெண்கள் ஒருவரையொருவர் 'ஏட்டி' என்பார்கள். பனையேறியின் மகளுக்கு அது வாயில் சரளமாக வரும். மற்றவளுக்கு வராது. மாதக்கணக்கில் அவள் எந்த விளியும் இல்லாமல்தான் பேசுவாள்: 'இதப் பிடிக்கணும்', 'தண்ணி வந்தாச்சு'. அவள் முதன்முதலாக 'ஏட்டி' என்று கூப்பிடும் பக்கம் எது என்பதை எழுதத் தொடங்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். கூப்பிட்டதும் மற்றவள் முகம் ஒரு கணம் மாறினால் கதை அங்கே நிஜமாகத் தொடங்கும். 'நீ என்னைப் புண்படுத்திவிட்டாய்' மாதிரி வசனங்களை எல்லாம் அடித்துவிடலாம். அந்தக் காலத்துப் பிள்ளைகள் மனக்காயத்தைப் பேச மாட்டார்கள். கலயம், இடம், நூல், முறை இவற்றைப் பற்றித்தான் சண்டை போடுவார்கள்.

நூல் என்றதும் லேஸுக்கு வந்துவிடலாம். நாகர்கோவில் பெண்கள் பள்ளியின் உயிர்நாடி அதுதான். 1819-ல் வந்த சார்லஸ் மால்ட் ஐயரின் (மிஷனரிப் போதகரை அன்று 'ஐயர்' என்பார்கள்) மனைவி மார்த்தா மால்ட் பள்ளிப் பெண்களுக்கு லேஸ் வேலையைக் கற்றுக்கொடுத்தார். லேஸ் விற்ற காசில் தங்கள் விடுதலைக்கு விலை கட்டிய அடிமைச் சிறுமிகளும் அந்தப் பள்ளியில் இருந்தார்கள். அவர் மகள் எலைசா நாகர்கோவில் தமிழிலேயே வளர்ந்தவர். 1844-ல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது லேஸையும் கூடவே கொண்டுபோனார். ஒரு எச்சரிக்கை: 1858 கதையில் மால்ட் அம்மாளை நாகர்கோவிலில் நடமாட விடாதீர்கள். 1850-களின் நடுவிலேயே அந்தக் குடும்பம் ஊரைவிட்டுப் போய்விட்டது.

லேஸ் வேலையை 'அழகாகப் பின்னினாள்' என்று ஒரே வரியில் தாண்டுகிறவர்கள் கையில் கிடைத்த பொருளை வீணாக்குகிறார்கள். இது ஊசியால் போடும் பூவேலை அல்ல, தலையணை லேஸ். வைக்கோல் போன்றதை அடைத்து இறுக்கிய கெட்டித் தலையணை. அதன்மேல் துளையிட்ட அட்டை, துளைகள்தான் படம். நூல் சுற்றிய சின்ன மரக்கட்டைகள் ஜோடி ஜோடியாகத் தொங்கும். ஒரு கண்ணிக்கு இரண்டு ஜோடி, அதாவது நான்கு கட்டை. அசைவுகள் இரண்டே இரண்டு. நடுவிலுள்ள இரண்டில் இடதை வலதின்மேல் போட்டால் குறுக்கு. ஒவ்வொரு ஜோடியிலும் வலதை இடதின்மேல் போட்டால் முறுக்கு. குறுக்கு, முறுக்கு, குறுக்கு என்று போனால் துணிபோல் அடர்ந்த பின்னல் வரும். குறுக்கு, முறுக்கோடு நிறுத்திக்கொண்டே போனால் வலைபோல் திறந்த பின்னல். ஒவ்வொரு திருப்பத்திலும் துளையில் ஒரு குண்டூசி.

எங்கே தவறும்? ஒரு குறுக்கு விட்டுப்போனால் உடனே தெரியாது, நாலைந்து வரிசை தாண்டித்தான் படம் சாயும். அப்போது ஊசியை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, செய்த அசைவுகளைத் தலைகீழாகச் செய்துகொண்டே பின்னால் போக வேண்டும். ஊசியைச் சீக்கிரம் எடுத்துவிட்டால் பின்னல் தளர்ந்து உருக்குலையும், பின்னால் ஒரு நீளத்துக்கு ஊசிகள் நின்றுகொண்டே இருக்க வேண்டும். ஐப்பசி மழையில் இரும்பு ஊசி துருப்பிடித்து வெள்ளை நூலில் பழுப்புப் புள்ளி வைக்கும், அதனால் பித்தளை ஊசி. கை வியர்வையால் நூல் அழுக்கேறும், ஆகவே மடியிலும் தலையணைமேலும் வெள்ளைத் துணி. நூல் அறுந்தால் முடிச்சு பின்பக்கம் போக வேண்டும். அகலமான வேலையில் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் ஒன்றிரண்டு அங்குலம்தான் நகரும்.

கதைக்கு இதில் என்ன இருக்கிறது? புதிதாக வந்தவளுக்கு மூத்தவள் கற்றுக்கொடுக்க வேண்டும். கட்டையைப் பிடிக்கும் விரலைத் திருத்த வேண்டுமென்றால் தொட வேண்டும். அவள் தொடாமலே, ஊசியின் கொண்டையால் சுட்டிக்காட்டிக் கற்றுக்கொடுக்க ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள் என்று எழுதுங்கள். வாசகருக்குப் புரிய எத்தனை பக்கம் ஆகும் என்பது உங்கள் திறமை. வெள்ளைக்காரத் துரைசாணிகளுக்கு விற்கப்போகும் அந்த லேஸைத் தொட்டவர் யார் என்று யாரும் கேட்கப்போவதில்லை. தண்ணீர்ப் பானைக்கு மட்டும்தான் அந்தக் கேள்வி. கூலி பேசும் இடத்தில் ரூபாயை மட்டும் போட்டு ஒப்பேற்ற வேண்டாம். திருவிதாங்கூர்க் கணக்கில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். சிறுமிகள் கையில் புழங்குவது சக்கரம்தான்.

பள்ளி நாட்காட்டியும் பனை நாட்காட்டியும் மோதும். மாசி, பங்குனியில் அக்கானி (பதநீர்) இறங்கத் தொடங்கினால் பனையேறிக் குடும்பம் விடிலிக்கு, அதாவது பனங்காட்டுக் குடிசைக்கு, குடிபெயரும். அப்பா காலையும் மாலையும் முப்பது நாற்பது பனை ஏறி இறங்குவார். அம்மாவும் மகளும் சுண்ணாம்பு தடவிய கலயங்களிலிருந்து அக்கானியை வடித்துக் கருப்பட்டி காய்ச்சுவார்கள். சுண்ணாம்பு குறைந்தால் புளித்துக் கள்ளாகும், கூடினால் கருப்பட்டி கெடும். அந்த மாதங்களில் நாடார்ப் பெண் பள்ளியில் இருக்க முடியாது. அவள் திரும்பி வரும்போது, கீழே இருந்தவள் வேலையில் அவளைத் தாண்டிப் போயிருப்பாள். பொறாமை வேண்டுமென்றால் இங்கிருந்து வரட்டும். அதற்கு ஒரு காரணமும் தேதியும் இருக்கிறது.

இனி சபை. நாகர்கோவில் லண்டன் மிஷனைச் சேர்ந்தது. இங்கே பிஷப் இல்லை, பிஷப் கைவைத்து நடத்தும் திடப்படுத்தல் ஆராதனையும் இல்லை. பிஷப்பை இறக்கிய நாவல் முதல் அத்தியாயத்திலேயே அம்பலமாகும். சபைக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் இராப்போஜனம் கிடையாது. கற்று, காத்திருந்து, ஐயரும் சபை மூப்பர்களும் விசாரித்தபின்தான் சேர்த்துக்கொள்வார்கள். திராட்சரசக் கிண்ணம் ஒன்றுதான், கைக்குக் கை போகும். ஆளுக்கொரு சின்னக் கோப்பை என்பது நூற்றாண்டின் கடைசியில் வந்த வழக்கம். 1850-ல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாடு, சாதி பாராமல் சேர்ந்து உண்ணச் சம்மதிக்காதவரைச் சபையில் சேர்ப்பதில்லை என்ற நிலைப்பாட்டை எடுத்தது. காகிதத்தில் அது தெளிவு. வாழ்க்கையில், கிண்ணம் தன்னிடம் வரும் வரிசையில் யாருக்கு முன்னால் உட்கார்வது என்பதைச் சனிக்கிழமையே யோசிக்கிறவர்கள் இருந்திருப்பார்கள். சாதிப்படி தனியே உட்கார்வதைப் பாட்டெழுதும் பெரியவர்களே ஆதரித்த காலம் அது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் அந்தச் சண்டையில் பழைய முறையின் பக்கம் நின்றார். அவர் கீர்த்தனையை உங்கள் சிறுமிகள் உருகிப் பாடட்டும், அந்த முரணை நீங்கள் விளக்க வேண்டாம்.

வேதவசனம் எழுதும்போது இன்னொரு கண்ணி. இன்று நமக்கு மனப்பாடமாக இருக்கும் நடை ஹென்றி பவர் தலைமையில் உருவான மொழிபெயர்ப்பு, முழு வேதாகமமாக வந்தது 1871-ல். 1858-ல் ஒரு சிறுமி அந்த வாக்கியங்களைச் சொல்ல முடியாது. அதற்கு முன் புழங்கிய பப்ரிசியுஸ் மொழிபெயர்ப்பில் 'தேவன்' இருக்காது, 'பராபரன்' இருப்பார். பழைய அச்சு கிடைக்காவிட்டால் வசனத்தை மேற்கோளாகப் போடாமல், அவள் அதை எப்படி நினைவில் வைத்திருக்கிறாள் என்று சொல்லிவிடுங்கள்.

சின்னப் பிழைகள் சில. தினமும் மரவள்ளிக்கிழங்கு அவிக்காதீர்கள். திருவிதாங்கூரில் அது ஏழைகளின் அன்றாட உணவாகப் பரவியது விசாகம் திருநாள் காலத்தில், 1880-களில். மண்ணெண்ணெய் விளக்கு வேண்டாம், புன்னை எண்ணெய் போதும். விடுதிப் பிள்ளைகளுக்கு அவர்கள் செலவை ஏற்ற இங்கிலாந்துக்காரரின் பெயரை வைக்கும் வழக்கம் இருந்தது. ஆகவே ஒவ்வொருத்திக்கும் இரண்டு பெயர்: வீட்டில் ஒன்று, பதிவேட்டில் ஒன்று. எந்தப் பெயரால் யார் கூப்பிடுகிறார்கள் என்பதே ஒரு கதையிழை. நாடார்களை அன்று குறித்த 'சாணார்' என்ற சொல் அரசாணையிலும் மேலோர் வாயிலும் வரலாம், கதைசொல்லியின் குரலில் வரக் கூடாது. முலைவரியை மார்பை மறைத்ததற்கான அபராதமாக எழுதுவதையும் தவிருங்கள். அது தலைவரியின் பெண்பால் வடிவம். அந்த வரியை எதிர்த்துத் தன் மார்பை அறுத்ததாகச் சொல்லப்படும் நங்கேலியின் கதை சேர்த்தலைப் பக்கத்து வாய்மொழி மரபு, அதை நாஞ்சில் நாட்டுக்கு இழுத்துவர வேண்டியதில்லை.

இப்போது அந்த ஆண்டின் மையம், தோள்சீலை, அதாவது தோளின்மேல் போடும் மேல்சீலை. 1814-ல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் கர்னல் மன்றோ காலத்தில் கிறிஸ்தவரான பெண்கள் குப்பாயம் என்ற சட்டை அணிய அனுமதி வந்தது. 1829 அறிக்கை குப்பாயத்தை விட்டுவிட்டு மேல்சீலையை மறுத்தது. குப்பாயம் மார்பை மறைக்கும், தோள்சீலையோ மேல்சாதி மரியாதையின் அடையாளம். சண்டை அந்தத் துண்டுத் துணியைப் பற்றியதுதான், வெறும் மானத்தைப் பற்றியதல்ல. இதைப் பிரித்தறியாமல் எழுதினால் எல்லாம் குழம்பும். 1858 அக்டோபரில் சந்தைகளில் பெண்களின் மேல்சீலையைப் பிடுங்கிக் கிழித்தார்கள். 1859 தொடக்கம்வரை கலவரம் நீண்டது, ஆலயங்களும் பள்ளிக்கூடங்களும் எரிந்தன. திவான் மாதவராவ், ரெசிடென்ட் கல்லன், சென்னையில் கவர்னர் டிரெவெலியன் என்று கடிதங்கள் பறந்தன. 1859 ஜூலை 26-ல் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் அறிக்கை வந்தது: சாணார்ப் பெண்கள் எந்த விதத்திலும் மார்பை மறைத்துக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது.

இதை மிஷனரிகளின் வெற்றியாக மட்டும் எழுதுவது சோம்பேறித்தனம். நாகர்கோவிலுக்குப் பக்கத்திலேயே சாமிதோப்பு. அய்யாவழியைத் தோற்றுவித்து 1851-ல் மறைந்த வைகுண்ட சுவாமி அங்கே தலைப்பாகை கட்டச் சொல்லியிருந்தார், எல்லாச் சாதிக்கும் பொதுவான கிணறு வெட்டச் செய்திருந்தார், சேர்ந்து உண்ணவும் வைத்திருந்தார். நாடார்ச் சிறுமிக்கு அந்தப் பக்கம் ஒரு சித்தப்பாவாவது இருக்க வேண்டும். 'எங்க கெணத்துல எல்லாரும் தண்ணி கோருவோம், உங்க பள்ளிக்கூடத்துல எப்படி மக்ளே?' என்று அவர் சாதாரணமாகக் கேட்டால் போதும்.

அறிக்கையை மறுபடி படியுங்கள். அதில் பேர் சொல்லப்பட்டவள் ஒருத்திதான். சந்தையில் சீலை கிழிந்த அன்று, கூட இருந்து தன் குப்பாயத்துக்கு மேலிருந்த துணியைக் கழற்றிப் போர்த்தி அழைத்துவந்தவள் மற்றவள் என்று வைத்துக்கொண்டால், ஆடி மாதம் அந்தச் செய்தி பள்ளிக்கு வரும் நாளில் என்ன நடக்கும்? முதலாமவள் சந்தோஷத்தில் ஓடிவந்து சொல்வாள். அவளிடம் வஞ்சனை ஒன்றும் கிடையாது. 'நமக்கு' என்றுதான் சொல்வாள். அந்த 'நமக்கு'க்குள் எதிரே நிற்கிறவள் இல்லை என்பதை அவள் கவனிக்கவில்லை. நாவலின் குற்றம் இவ்வளவுதான். இதைவிடப் பெரிய துரோகம் தேவையில்லை.

மன்னிப்புக்கு வந்தால், பெரும்பாலான கிறிஸ்தவக் கதைகள் இங்கேதான் சறுக்குகின்றன. மன்னிக்கிற வேலையைத் தாழ்ந்த இடத்தில் இருப்பவள் தலையில் கட்டி, மற்றவளுக்கு ஒரு அழுகையோடு விடுதலை கொடுத்துவிடுகின்றன. மனந்திரும்புதல் செலவு வைக்க வேண்டும். 1859-ல் பதினைந்து வயதுப் பெண்ணால் என்ன செலவு செய்ய முடியும்? ஊரை மாற்ற முடியாது, சட்டத்தை மாற்ற முடியாது. கிண்ணம் அவளுக்குப்பின் தனக்கு வரும்படி உட்கார முடியும், அதைப் பார்த்த அத்தை தன் மகனுக்குப் பேசிவைத்த சம்பந்தத்தை முறிக்கக்கூடும். பதினைந்து வயது அப்போது பிள்ளைப் பருவம் அல்ல, கல்யாண வயது. உபதேசியார் ஒருவருக்கு மனைவியாகப் போவதுதான் விடுதிப் பெண்ணுக்கு இருந்த நல்ல வழி. அதை இழப்பது சின்ன விஷயமல்ல. அதற்குப் பிறகும் மற்றவள் மன்னிக்காமல் இருக்கலாம். அந்த உரிமையை எழுத்தாளர் அவளிடமிருந்து பிடுங்கக் கூடாது.

மிஷன் கடிதங்களை வைத்து எழுதுகிறவர்கள், அவை நன்கொடையாளர்களுக்கு எழுதப்பட்டவை என்பதை மறக்கக் கூடாது. லண்டன் மிஷன் ஆவணங்கள் இன்று லண்டன் பல்கலைக்கழகத்தின் சோவாஸ் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றில் மனம்மாறிய சிறுமிகள் வருவார்கள், அழகாக மரிக்கும் சிறுமிகள் வருவார்கள். கோபப்பட்ட சிறுமி வர மாட்டாள். பள்ளியைவிட்டுப் போனவளைப் பற்றி ஒரு வரிதான் இருக்கும். அந்த ஒரு வரியைத்தான் தேட வேண்டும்.

எங்கே நிறுத்துவது? அறிக்கையோடு நிறுத்தினால் வெற்றிக்கதை ஆகிவிடும். 1860-ல் தென் திருவிதாங்கூரில் பஞ்சமும் காலராவும் வந்தன, சபையில் புதிதாகச் சேர்ந்தவர் தொகையும் பெருகியது. அதுவரை இழுத்தால் இன்னொரு நாவல். இரண்டுக்கும் நடுவே, அந்த ஓராண்டுச் சட்டகத்தைக் கொஞ்சம் தாண்டி, 1859 ஐப்பசியில், மழை விடாமல் பெய்யும் ஒரு பகலில் நிறுத்தலாம். வெளிச்சம் குறைவு. தலையணையைச் சன்னல் ஓரமாக நகர்த்தியிருக்கிறார்கள். நாலு வரிசைக்கு முன்னால் ஒரு குறுக்கு விட்டுப்போயிருப்பதைப் பின்னால் வந்தவள்தான் கண்டுபிடிக்கிறாள். வேலை மூத்தவளுடையது. 'ஏட்டி, இங்க பாரு' என்கிறாள். ஊசிகளைப் பிடுங்கத் தொடங்குகிறார்கள். ஒருத்தி பிடுங்கிக் கொடுக்கிறாள், மற்றவள் உள்ளங்கையை நீட்டி வாங்கிக்கொள்கிறாள்.